அய்யனாரப்பன் வேட்டைக்கு நான் மாட்டிய ஸ்கோப்

ஒழுங்காக வேலை செய்யும் சாமானைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஓடாத கடிகாரம், எரியாத விளக்கு, தண்ணீர் இழுக்காத மோட்டார் இதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. அவை பாட்டுக்குக் கிடக்கும். ஆனால் ஒரு பொருள் யாரையும் தொல்லை செய்யாமல் வருஷக்கணக்காகச் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தால், 'இது இன்னும் கொஞ்சம் நல்லா செய்யுமே' என்று எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டு மிக்ஸி, அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் மொபெட் மூன்றும் இப்படித்தான் என் கையால் முன்னேற்றம் கண்டன. (மிக்ஸி இப்போது மாடிப்படிக்கு அடியில் ஓய்வில் இருக்கிறது. மொபெட்டைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக் கூடாது.)

அடுத்து மாட்டியது ஏர் கன்.

முதலில் அந்தத் துப்பாக்கிக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒன்று. காணும் பொங்கல் அன்று சாயங்காலம் எங்கள் அய்யனாரப்பன் மரக்குதிரை மேல் ஏறி வேட்டைக்குப் புறப்படுவார். வேட்டை என்றதும் பயப்பட வேண்டாம். கோயிலுக்கு மேற்கே கரும்புக் கொல்லை ஓரமாக ஒரு வேப்பமரம். அதில் சாம்பல் பூசணி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். உள்ளே குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றி அடைத்திருக்கும். சாமி சார்பாக ஒருத்தர் துப்பாக்கியால் சுடுவார். பூசணியில் பொத்தல் விழுந்து சிவப்பாகச் சொட்டினால் வேட்டை முடிந்தது. மேளம் முழங்கும், சாமி ஊருக்குள் திரும்பும், ஜனங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு கலைவார்கள்.

இதில் ஒரு சட்டம் உண்டு. வேட்டை முடிகிற வரைக்கும் சாமியைக் கீழே இறக்கக் கூடாது. கட்டை வைத்து முட்டுக்கொடுக்கவும் கூடாது. வேட்டைக்குப் போன குதிரை நடுவில் நின்று இளைப்பாறுமா என்பது ஊரின் வாதம். அதனால் தூக்குகிறவர்கள் குதிரையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆட்டியபடி காத்திருப்பார்கள். முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாய்கிற மாதிரி செய்த குதிரை. நிஜக் குதிரையாக இருந்தால்கூட இரக்கப்பட்டுக் கொஞ்சம் எடை குறைவாக இருந்திருக்கும்.

அந்தச் சுடுகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. தாத்தா காலத்தில் லைசன்ஸ் வாங்கிய நிஜத் துப்பாக்கியே இருந்தது. ஏதோ ஒரு தேர்தலுக்கு அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். திரும்ப வாங்கக் காகிதம் சேர்ப்பதற்குள் துப்பாக்கி துருப்பிடித்துப்போனது, தாத்தாவும் போய்விட்டார். பிறகு அப்பா டவுனுக்குப் போய் இருப்பதிலேயே மலிவான ஏர் கன் ஒன்று வாங்கி வந்தார். திருவிழாக் கடையில் பலூன் சுடுவோமே, அதற்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் முதல் ரவையிலேயே பூசணியைச் சொட்ட வைத்தார்.

அப்பாவுக்கு அது வெறும் சுடுகிற வேலை இல்லை. அவர் கூட்டத்தில் பின்னால் நிற்கிற ஆள். கல்யாணத்தில் கடைசிப் பந்தி, பஞ்சாயத்தில் கதவோரம், போட்டோவில் பாதித் தலை. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அவர் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டி, "வாங்க, முன்னால வாங்க" என்று கூப்பிடுவார். சுட்டு முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி சாப்பாடு வரைக்கும் அந்தத் துணியை அவிழ்க்க மாட்டார். "அத்த அவுத்துட்டுச் சாப்புடேன்யா" என்று அம்மா சொன்னால், "இருக்கட்டும், குளிரா இருக்குது" என்பார்.

இந்தப் பரிவட்டத்தின் மேல் கண் வைத்திருந்தவர் பெரியப்பா. அப்பாவுக்குப் பங்காளி, வயதில் மூத்தவர், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூத்த வழி நாங்க இருக்கும்போது துப்பாக்கி எப்படிடா எளைய வழிக்குப் போச்சு?" என்பது அவருடைய ஆயுட்காலக் கேள்வி. அந்த வருஷம் கேள்விக்கு விடை தேடி வந்தது. பொங்கலுக்கு முந்தின மாதம் அப்பா விழுந்து வலது தோள் பிசகிக்கொண்டார். (எதிலிருந்து விழுந்தார் என்று கேட்காதீர்கள். அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன்.)

கோயில் கூட்டத்தில் பெரியப்பா எழுந்தார்.

"தம்பியால முடியலன்னா அவன் பையன் சுடட்டும். வேணான்னு சொல்லல. ஆனா மூணு ரவைக்குள்ள வுழலன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து உரிமை எங்க வூட்டுக்கு."

அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "கன்னுக்குட்டித் தலையாட்டம் தொங்குது. நிக்கற தூரமும் பத்தடி. கண்ண மூடிக்கினு சுட்டாலும் வுழும்டா."

அவர் சொன்னதில் 'பத்தடி' என்ற சொல் என் காதில் விழவே இல்லை. எனக்குள் ஏற்கெனவே அரிப்பு ஆரம்பித்துவிட்டது.

நான் அப்போது திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். முடியளவு வித்தியாசம் இருந்தாலும் 'ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்புகிற வேலை. அந்தக் கண்ணோடு ஏர் கன்னைப் பார்த்தேன். முழுக்க முழுக்கச் சிவப்பு மைதான். டிரிக்கரை இழுப்பது தூர் வாராத கிணற்றில் வாளி இழுப்பது போல இருந்தது. இழுக்கிறோம், இழுக்கிறோம், எங்கேயோ போய் மாட்டுகிறது, மறுபடி இழுக்கிறோம், நாம் எதைச் சுட வந்தோம் என்பதே மறந்துபோன நேரத்தில் 'டப்' என்கிறது. இப்படி ஒரு டிரிக்கரை வைத்துக்கொண்டு அப்பா இத்தனை வருஷம் சுட்டது எனக்கு அவமானமாக இருந்தது.

வீடியோ பார்த்தேன். அதில் ஒருவன் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, டிரிக்கரைப் பிரித்து, பளபளப்பாகத் தேய்த்து, பொருத்திப் பேசி முடித்துவிட்டான். நானும் வெள்ளைத் துணி விரித்தேன். (அப்பாவின் பரிவட்டத் துணி அது என்று அம்மா கத்திய பிறகுதான் தெரிந்தது.) பிரித்தேன். தேய்த்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் ரொம்ப முரடாகத் தெரிந்ததால், அதை எடுத்துவிட்டு பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் போட்டேன். மாட்டி முடித்து இழுத்துப் பார்த்தேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. விரலை அதன் பக்கம் கொண்டுபோனாலே அதுவாகப் புரிந்துகொண்டது.

"இன்னாடா, தொடறதுக்குள்ளயே வெடிக்குது?" என்றார் அப்பா.

"அதாம்பா தரம்."

அடுத்தது ஸ்கோப். ஆன்லைனில் கிடைத்ததிலேயே மலிவானதை வரவழைத்தேன். அட்டைப்பெட்டி மேல் பனி மலை, கொம்பு வைத்த மான், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். பாகூர் பக்கம் பனியும் கிடையாது, மானும் கிடையாது என்பதை அந்த நிமிஷத்திலாவது நான் யோசித்திருக்கலாம். ஸ்கோப்பை மாட்ட இடம் வேண்டுமே என்று கண் வைத்துக் குறிபார்க்கத் துப்பாக்கி மேலிருந்த பழைய பின்குறியைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். அம்மா பெருக்கும்போது அது குப்பையோடு போய்விட்டது. போகட்டும், ஸ்கோப் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த ஏர் கன்னுக்கு ஒரு குணம். சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் ஒரு குலுக்குக் குலுக்கும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் ஸ்கோப் ஒரு நூல் பின்னால் நகர்ந்து வந்து புருவத்தை முத்தமிட்டது. சைக்கிள் டியூபை வெட்டி இடுக்கில் வைத்தேன். நகர்ந்தது. திருகை இறுக்கினேன். திருகின் தலை மழுங்கியது. கடைசியில் ஆத்திரத்தில் இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலக்குகிற பசையை வாங்கி வந்து, ஸ்கோப்பையும் துப்பாக்கியையும் ஜென்மத்துக்கும் பிரியாதபடி ஒட்டிவிட்டேன்.

பிறகு குறி சரிபார்க்கும் படலம். வீட்டுக்குப் பின்னால் கரும்பு வெட்டிய கொல்லை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கோடியில் மோட்டார் கொட்டகை. அதன் சுவரில் பெயின்ட் டப்பா மூடியைத் தொங்கவிட்டு, இந்தக் கோடியில் உமி மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, லீவு நாளெல்லாம் மல்லாடினேன். ஒரு திருகைத் திருகினால் ரவை இடது பக்கம் போகும், இன்னொன்றைத் திருகினால் இடது பக்கத்தோடு மேலேயும் போகும். விடவில்லை. ஒருநாள் மூடி 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. மறுபடி 'டிங்'. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தங்கச்சி தேவி கைபேசியில் வீடியோ எடுத்தபடி கேட்டாள். "ஏன்ணா, பூசணிக்கா இன்னா திருப்பிச் சுடப் போவுதா? எதுக்கு அவ்ளோ தூரம் ஓடிப்போய் ஒளிஞ்சிக்கினு சுடற?"

கயிற்றுக் கட்டிலில் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவும் சொன்னார். "பக்கத்துல நின்னு ஒரு வாட்டி சுட்டுப் பாருடா."

"பக்கத்துல நின்னு சுடறதுக்கு எதுக்குப்பா ஸ்கோப்பு?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன்."

அந்த வாக்கியம் எனக்குப் புரிய காணும் பொங்கல் சாயங்காலம் ஆகவேண்டியிருந்தது.

அன்று ஊரே வேப்பமரத்தடியில். கரும்புக் கொல்லைப் பக்கம் யாரையும் விடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் பூசணியும், அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த பூசாரியும், வரப்பில் பெரியப்பா வைத்திருந்த பேனரும் மட்டும்தான். பேனரில் பெரியப்பா ஆள் உயரத்துக்குக் கைகூப்பி, ஊர் மக்கள் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பின்னால் அய்யனாரப்பன் குதிரையில் ஆடிக்கொண்டிருந்தார். குதிரையைச் சுமக்கும் கொம்பில் முன்பக்கம் தனவேலு. டிராக்டர் ஓட்டுகிறவர், ஊரிலேயே பலசாலி, பொறுமை மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

அப்பாவின் பரிவட்டத்தை என் தலையில் கட்டினார்கள். அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். முன்வரிசையில் இன்னொரு ஆளுக்காகத்தான் நிற்கிறோம் என்ற கூச்சத்தில் தோள்துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பில் கண் வைத்தேன்.

பூசணிக்காயைக் காணோம். மரத்தைக் காணோம். முழு வட்டமும் சாம்பல் நிறத்தில், மேகம் மாதிரி, கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று நிறைந்திருந்தது. கொல்லைக் கோடியில் இருக்கிற எறும்பைக் காட்டுகிற அந்த ஸ்கோப்புக்குப் பத்தடியில் தொங்குவது தெரியவில்லை. தூரத்துக்குச் செய்த கண்ணாடிக்குக் கிட்டத்தில் பார்வை கிடையாது என்று அட்டைப்பெட்டியில் தாடிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? துப்பாக்கியை மெல்ல நகர்த்தினேன். கஞ்சி நகர்ந்தது. அந்தக் கஞ்சி ஏறி இறங்கி மூச்சு விட்டது.

பதறிக் கண்ணை எடுத்துப் பார்த்தேன். பூசாரியின் திருநீறு பூசிய வயிறு.

"பூசாரி! தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், குங்குமத் தட்டைப் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தார். அந்த வயதில் அவர் அப்படிக் குதித்து யாரும் பார்த்ததில்லை. பூசாரியே குதித்துவிட்டதால் வேட்டை ஆரம்பம் என்று நினைத்து மேளக்காரர் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

அந்த அதிர்ச்சி போதும் பேனா ஸ்பிரிங்குக்கு. 'டப்'.

எல்லோரும் பூசணியைப் பார்த்தார்கள். பூசணி சுகமாகத் தொங்கியது. பிறகு ஒவ்வொருவராகப் பேனரைப் பார்த்தார்கள். கைகூப்பிய பெரியப்பாவின் மூக்கின் இடது பக்கம் ஒரு சின்னப் பொத்தல். பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் அதன் வழியாக ஒற்றைக்கல் மாதிரி மின்னியது.

"பெரியவருக்கு மூக்கு குத்தியாச்சு டோய்!" என்றார் குதிரைக்கு அடியிலிருந்து தனவேலு. "தம்பி, குறி நல்லாத்தான் இருக்குது. ஆளுதான் மாறிப்போச்சு."

"பாத்துத்தான்யா சுட்டிருக்கான்!" பெரியப்பா பேனரைக் காட்டிக் கத்தினார். "வூட்ல சொல்லிக் குடுத்து அனுப்பிக்கிறாங்க!"

"அண்ணே, சத்தியமா தெரியாம…" என்று அப்பா கும்பிட்டார்.

"தெரியாம சுட்டா மூக்குலயா வுழும்?"

ஒரு வாரம் பாடுபட்டுக் குறிபார்த்திருந்தாலும் அந்த இடத்தில் என்னால் சுட்டிருக்க முடியாது.

இரண்டாவது ரவை. இந்த முறை கஞ்சியின் நடுவில் சிலுவைக் கோட்டை வைத்து, மேளக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, மூச்சைப் பிடித்துச் சுட்டேன். ரவை பூசணிக்கு நாலு விரல் கீழே பாய்ந்து, பின்னால் வரப்பு மண் தெறித்தது. ஸ்கோப் உட்கார்ந்திருப்பது மேலே, ரவை புறப்படுவது கீழே. கொல்லைக் கோடிக்குப் போவதற்குள் சேர்ந்துகொள்ளும் இரண்டும், பத்தடியில் இன்னும் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை.

"தம்பி, தோளு போவுதுப்பா!" என்றார் தனவேலு. "சுடறியா, இல்ல சாமிக்கு எக்ஸ்ரே எடுக்கறியா?"

"அந்தக் கண்ணாடியக் கயட்டிட்டுச் சுடுடா," என்றார் அப்பா மெதுவாக.

"கழட்ட முடியாதுப்பா. ஒட்டிட்டேன்."

"சரி, பழைய குறியில பாத்து…"

"அது… குப்பையில போச்சு."

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தலையிலிருந்த பரிவட்டத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பேனா ஸ்பிரிங்கையும் தாடிக்காரரையும் என்னையும் சேர்த்து மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஸ்கோப்பைப் பார்க்காமல் குழாயோரமாக உத்தேசமாகப் பார்த்து மூன்றாவதைச் சுட்டேன். மேலே ஒரு வேப்பங்கொத்து ஒடிந்து விழுந்து, பூசணி மேல் அலங்காரமாக உட்கார்ந்துகொண்டது.

"முடிஞ்சிது," என்றார் பெரியப்பா. "குடுடா இங்க."

"பெரியப்பா, டிரிக்கர் கொஞ்சம் மெதுவா…"

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

துப்பாக்கியைப் பிடுங்கினார், மடக்கினார், ரவை போட்டார். தூக்க ஆரம்பித்தார். குழாய் பாதி உயரம்கூட வரவில்லை. 'டப்'. வரப்பில் புழுதி. பெரியப்பா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி மடக்கி, ரவை போட்டு, இந்த முறை வேகமாகத் தூக்கினார். ரவை வானத்துக்குப் போனது. தலைக்கு மேல் காக்கா ஒன்று கோபமாகத் திட்டிவிட்டுப் போனது. மூன்றாவது தடவை விரலை டிரிக்கர் பக்கமே கொண்டுபோகாமல் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடா இது? உள்ள ஒண்ணுமே இல்ல?"

தனவேலுவின் பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது.

"இந்த ரெண்டு வூட்டுப் பஞ்சாயத்து முடியறதுக்குள்ள எங்க தோளு கயண்டுடும்! டேய், தூக்குங்கடா!"

முன்கொம்பு நகர்ந்தது. பின்கொம்பு நகராமல் என்ன செய்யும்? அய்யனாரப்பன் குதிரையோடு நாலு எட்டில் பாய்ந்து வந்தார். நானும் அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினோம். தூக்கிய மரக்குளம்பு பூசணியின் நடுவில் நேராக இறங்கியது.

சாம்பல் பூசணிக்குள் அவ்வளவு தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வழக்கமாகப் பொத்தல் வழியாகச் சொட்டிக்கொண்டே இருப்பது, அன்று மொத்தமாக வந்தது. அப்பாவின் வெள்ளை வேட்டி, பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை, என் முகம், ஸ்கோப் எல்லாம் ஒரே சிவப்பு. வழக்கம் மீறிப்போச்சா, தெய்வக் குற்றமா, யாருக்கும் தெரியவில்லை.

பூசாரிதான் முதலில் சுதாரித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே கையைத் தூக்கினார்.

"அய்யனாரப்பனே எறங்கி வேட்டையாடிட்டாரு!"

பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். நனைந்த பரிவட்டத்தை என் தலையிலிருந்து அவிழ்த்து, பிழிந்து, குதிரையின் கழுத்தில் கட்டினார் பூசாரி.

அதன் பிறகு எங்கள் ஊரில் துப்பாக்கி கிடையாது. சாமியே நேராக வந்து இடிப்பதுதான் வழக்கம். எப்போது ஆரம்பித்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஆதிகாலத்திலிருந்து என்று சொல்கிறார்கள். உரிமை? அதற்கும் கோயில் கூட்டத்தில் வழி கண்டார்கள். பூசணி குளம்பு உயரத்துக்குச் சரியாக நிற்கவேண்டும் அல்லவா? கயிற்றின் ஒரு முனையை அப்பா பிடிக்கிறார், மறுமுனையைப் பெரியப்பா பிடிக்கிறார். இரண்டு பேர் தலையிலும் பரிவட்டம். அப்பா இன்னமும் அதைக் கட்டிக்கொண்டேதான் சாப்பிடுகிறார்.

பெரியப்பா அந்தப் பேனரைத் தூக்கிப் போடவில்லை, நல்ல கெட்டித் துணியாம். வருஷா வருஷம் அதையே கொண்டுவந்து வரப்பில் கட்டுகிறார். மூக்குத்தி பெரியப்பா என்றால்தான் இப்போது பக்கத்து ஊர்களில் தெரியும். நேரம் சரியாக இருந்தால் மின்னவும் செய்கிறது.

நான் சுண்டல் குண்டானுக்குக் காவல். சாமான் எதையும் தொடக் கூடாது, ஸ்குரூ டிரைவரோடு கோயில் பக்கம் வரவே கூடாது என்பது அப்பா, பெரியப்பா இருவரும் ஒற்றுமையாகச் சொன்ன ஒரே விஷயம். நானும் அடக்கமாகத்தான் இருந்தேன். இந்த வருஷம்தான், இரண்டு பேரும் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பூசணி ஏறி இறங்கித் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்பா, அந்தக் கிளையில ஒரு சின்னக் கப்பி போட்டா…" என்று ஆரம்பித்தேன்.

அப்பா கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார். குதிரைக்கு அடியிலிருந்து தனவேலுவின் குரல் வந்தது.

"தம்பி, நீ அதுல கைய வெச்சா, சாமிய உன் தோள்ல வெச்சிட்டு நாங்க வூட்டுக்குப் போயிடுவோம்."